ராக்கெட்டை நிறுத்தினால் காரணம் சொல்கிறீர்கள், மனிதரை நிறுத்தினால்?

விண்வெளி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அமைப்புகளின் தேர்வுக் குழுக்களுக்கும், தகுதி விதிகளை எழுதும் மருத்துவர்களுக்கும் பொறியாளர்களுக்கும்:

உங்கள் விதிகளின் பேரில் ஒருவரை வேண்டாம் என்று சொல்லும்போது, ஏன் வேண்டாம் என்பதை நீங்கள் சொல்வதில்லை. அதைச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உயரம் போதாது, பார்வை போதாது, செவி போதாது என்ற முடிவு மட்டும் வெளியே வருகிறது. அந்த முடிவுக்குப் பின்னால் இருப்பது மனித உடலின் எல்லையா, இல்லை இன்று உங்கள் கையில் இருக்கும் இருக்கையின், உடையின், கருவியின் எல்லையா என்பது வருவதில்லை. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. தன் எடையைப் போல எட்டு மடங்கு நெஞ்சை அழுத்தும்போது இதயம் தாங்குமா என்பது உடலைப் பற்றிய கேள்வி. ஒரு விண்கலத்தின் இருக்கைக்குள் கால் மடங்குமா என்பது அந்த இருக்கையைப் பற்றிய கேள்வி. நீங்கள் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு, மருத்துவத் தகுதி என்று ஒரே பெயரில் வெளியிடுகிறீர்கள். படிக்கிறவர், தன் உடம்பில்தான் குறை என்று எடுத்துக்கொள்கிறார்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஏவுதல் நேரலைகளை மாணவர்களோடு உட்கார்ந்து பார்ப்பது எங்கள் வழக்கம். மேலே எழும்பிய கொஞ்ச நேரத்திலேயே ராக்கெட் ஏன் சாய்கிறது, நேராகவே போனால் என்ன என்று கேட்பார்கள். உயரத்தைவிடப் பக்கவாட்டு வேகம்தான் முக்கியம், வினாடிக்குச் சுமார் 7.8 கிலோமீட்டர் வேகம் வந்தால்தான் கீழே விழாமல் பூமியைச் சுற்றலாம் என்று விளக்குவேன். நடுவில் ஏன் எஞ்சின்களின் விசையைக் குறைக்கிறார்கள் என்று கேட்பார்கள். காற்று ராக்கெட்டை மிகக் கடுமையாக அழுத்தும் அந்தச் சில வினாடிகளைப் பற்றிப் பேசுவோம். இதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறது, ஏனென்றால் ராக்கெட்டைப் பற்றி நீங்கள் நிறையச் சொல்லியிருக்கிறீர்கள். எல்லாம் முடிந்து வகுப்பு கலையும்போது யாராவது ஒருவர் தனியாக வந்து, "நான் போக முடியுமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடிவதில்லை.

என் மாணவர்களில் ஒருவன் சிறு வயதிலிருந்தே காது மெஷின் போட்டுக்கொள்பவன். இயற்பியலில் நல்ல பிடிப்பு உள்ளவன். ஒரு விண்வெளி அமைப்புக்கு அவனே கடிதம் எழுதினான். எந்த அமைப்பு என்று இங்கே சொல்லப்போவதில்லை, உங்களில் யாராக இருந்தாலும் பதில் ஒரே மாதிரிதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். தன்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவன் கேட்கவில்லை. காது மெஷின் ஏன் கூடாது என்றுதான் கேட்டிருந்தான். விண்வெளி உடைக்குள் சுத்தமான ஆக்சிஜன் நிரப்பப்படுவதால், மின்கலம் உள்ள கருவியை உள்ளே விடுவது ஆபத்தா? தலைக்கவசம் மூடிய பிறகு கருவி நழுவினால் சரிசெய்ய முடியாது என்பதா? விண்வெளி நிலையத்தில் இரைச்சல் நடுவே அபாய ஒலி கேட்காமல் போகும் என்பதா? அப்படியென்றால் அபாய விளக்கோ, அதிர்வு தரும் பட்டையோ போதாதா? இத்தனையும் அவனே யோசித்து எழுதியவை. நான் ஒரு வரிகூடத் திருத்தவில்லை. வந்த பதில் ஒரே ஒரு வாக்கியம். நிர்ணயித்த மருத்துவத் தரம் இல்லாதவர்களைப் பரிசீலிக்க மாட்டோம் என்று அதில் இருந்தது. அவன் கேட்ட ஒரு கேள்விக்கும் அதில் பதில் இல்லை.

பதில் "முடியாது" என்றே இருந்திருந்தாலும் அவன் ஏற்றுக்கொண்டிருப்பான். காரணம் தெரிந்திருந்தால் அதைத் தீர்க்கும் வழியைத் தேடி ஒரு பொறியாளராகக்கூட ஆகியிருப்பான். உங்களுக்கு நல்ல கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவனை நீங்கள் ஒரு வாக்கியத்தில் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

இதோடு முடியவில்லை. ஓர் அறிவியல் கண்காட்சிக்கு மாணவர்களை அழைத்துப் போயிருந்தேன். விண்வெளி வீரராக உங்களுக்குத் தகுதி உண்டா என்று பிள்ளைகளே சோதித்துப் பார்க்க ஓர் அரங்கு வைத்திருந்தார்கள். முதல் கேள்வியே கண்ணாடி போடுகிறீர்களா என்பதுதான். ஆமாம் என்றால் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். கண்ணாடி போட்ட பிள்ளைகள் ஓரமாக நின்று மற்றவர்கள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த விதி காலாவதியாகிப் பல வருடங்கள் ஆகின்றன. கண்ணாடியாலோ லென்ஸாலோ பார்வையைச் சரிசெய்ய முடிந்தால் போதும் என்பது இன்று பரவலான நடைமுறை. கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் 2007 முதல் நாசா ஏற்கிறது. அரங்கில் நின்ற இளைஞரிடம் இதைச் சொன்னேன். எங்களுக்குக் கொடுத்த பலகையில் இப்படித்தான் இருக்கிறது என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. விதி மாறியதை உரக்கச் சொல்லாதவர்கள் நீங்கள்.

இப்போது உங்களுடைய இன்னொரு முகத்தைப் பாருங்கள். 2022 ஆகஸ்ட் 29 அன்று நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1 நிலவு ராக்கெட்டின் ஏவுதல் நின்றது. ஓர் எஞ்சின் தேவையான அளவுக்குக் குளிர்ந்ததாகச் சென்சார் காட்டவில்லை என்று சொன்னார்கள். செப்டம்பர் 3 அன்று மறுபடி நின்றது, ஹைட்ரஜன் கசிவு. நவம்பர் 16 அன்று ராக்கெட் கிளம்பியது. 2024-ல் போயிங்கின் ஸ்டார்லைனர் விண்கலம் ஒருமுறை ஆக்சிஜன் வால்வுக்காக நின்றது, இன்னொரு முறை தரைக் கணினிக்கு மின்சாரம் தரும் கருவிக்காக நின்றது. 2020 மே 27 அன்று ஸ்பேஸ்எக்ஸின் க்ரூ டிராகன் விண்கலம் மனிதர்களோடு கிளம்பவிருந்த முதல் பயணம் வானிலையால் மூன்று நாள் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் காரணம் சீக்கிரமே எங்களுக்குத் தெரிந்தது. எந்த வால்வு, எந்தக் குழாய், எந்த மேகம் என்பது வரைக்கும் சொன்னார்கள். மாணவர்கள் அதைக் கேட்டுத்தான் கிரையோஜெனிக் எரிபொருள் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டார்கள். ஒரு வால்வுக்குக் கொடுக்கும் விளக்கத்தை மனிதர்களுக்கும் கொடுங்கள் என்கிறேன். பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை.

பாதுகாப்பு என்று சொல்வீர்கள். சரி, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2008 ஏப்ரலில் ரஷ்ய விண்கலமான சோயுஸ் டிஎம்ஏ-11 திட்டமிட்ட பாதையை விட்டுச் செங்குத்தாக இறங்கியபோது உள்ளே இருந்த மூவரும் எட்டு மடங்குக்கு மேல் ஈர்ப்பு அழுத்தத்தைத் தாங்கினார்கள். 2018 அக்டோபர் 11 அன்று ஏவிய இரண்டு நிமிடத்தில் ராக்கெட் பழுதாகி, அலெக்ஸி ஓவ்சினினும் நிக் ஹேகும் இருந்த கலம் பிய்த்துக்கொண்டு தப்பியது. அந்த நேரத்தில் உடல் ஒத்துழைக்காவிட்டால் அவ்வளவுதான். 1985-ல் சோவியத் விண்வெளி நிலையமான சல்யூட் 7-ல் விளாதிமிர் வஸ்யூதின் நோய்வாய்ப்பட்டு, மொத்தக் குழுவும் முன்கூட்டியே திரும்பியது. ஆகவே விதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடுமையான விதிகளே இருக்கட்டும். ஆனால் எந்த விதி எந்த ஆபத்துக்கு என்று எழுதி வையுங்கள். காரணம் எழுதாத விதியை யாரும் மறுபரிசோதனை செய்வதில்லை. ஆபத்து போன பிறகும் விதி மட்டும் நின்றுகொண்டிருக்கும்.

இதற்கு உங்கள் வரலாறே சாட்சி. 1959-ல் அமெரிக்காவின் முதல் மனித விண்வெளித் திட்டமான மெர்க்குரிக்கு ஆள் எடுத்தபோது வயது 40-க்குள், உயரம் சுமார் 180 சென்டிமீட்டருக்குள், பட்டம் அல்லது அதற்குச் சமமான தகுதி, சோதனை விமானிப் பள்ளித் தேர்ச்சி, 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் என்று கேட்டார்கள். உயர வரம்புக்கு நேர்மையான காரணம் இருந்தது, அந்தக் கேப்ஸ்யூல் அவ்வளவு சின்னது. அதை அப்படியே சொல்லவும் செய்தார்கள். ஆனால் சோதனை விமானிப் பள்ளி என்ற விதி வேறு வகை. அந்தப் பள்ளிகளில் அன்று பெண்களுக்கு இடமே கிடையாது. 1960-லும் 1961-லும் 13 பெண் விமானிகள், மெர்க்குரி வீரர்களைப் பரிசோதித்த அதே லவ்லேஸ் மருத்துவமனையின் சோதனைகளில் தேறினார்கள். உடல் தாங்கும் என்பது நிரூபணமாகிவிட்டது, இருந்தும் கதவு திறக்கவில்லை. அதே காலத்தில் ஜான் கிளென்னிடம் கல்லூரிப் பட்டம் இல்லை, சமமான தகுதி இருக்கிறது என்று அவரை ஏற்றார்கள். அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். அந்தப் பெண்களுக்கும் சமமான தகுதி என்ற வழி ஒன்றை ஏன் யோசிக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. 1963-ல் வாலண்டினா தெரெஷ்கோவா பூமியை 48 முறை சுற்றிவிட்டு வந்தார். அவர் விமானியே அல்ல, நூற்பாலையில் வேலை பார்த்தவர், பாராசூட்டில் குதிக்கத் தெரிந்தவர். அந்த 13 பேரில் ஒருவரான வாலி ஃபங்க், 2021-ல்தான் ஒரு தனியார் கலத்தில் சில நிமிடங்கள் விண்வெளியைத் தொட்டார். அப்போது அவருக்கு வயது 82.

உயரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் என்னிடம் அதிகம் வரும் கேள்வி அதுதான். குள்ளமாக இருக்கிறேன், போக முடியாதா என்று பெண் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

1990-களின் நடுவில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் பல மாதங்கள் தங்க நாசா இரண்டு பேரைத் தயார் செய்தது. ஸ்காட் பரஸின்ஸ்கி மருத்துவர், சுமார் 188 சென்டிமீட்டர். வெண்டி லாரன்ஸ் கடற்படை ஹெலிகாப்டர் விமானி, சுமார் 160 சென்டிமீட்டர். ஆபத்து வந்தால் எல்லோரும் சோயுஸில்தான் தப்ப வேண்டும். சோயுஸ் இருக்கைக்கு ஒருவர் அதிக உயரம், இன்னொருவர் குறைந்த உயரம் என்று இருவரையும் விலக்கினார்கள். அப்புறம் லாரன்ஸை மட்டும் மறுபடி சேர்த்தார்கள். 1997-ல் சரக்குக் கலம் மோதி மிர் நிலையத்தின் ஒரு பகுதி சேதமானபோது, பழுதுபார்க்க வெளியே போகக்கூடியவர் வேண்டும், ரஷ்ய விண்நடை உடை அவர் அளவுக்கு இல்லை என்று திரும்பவும் விலக்கினார்கள். அதே 1997 இலையுதிர் காலத்தில் இந்த இரண்டு பேரும் விண்வெளி ஓடத்தில் ஏறி அதே மிர் நிலையத்துக்குப் போய் வந்தார்கள். விண்வெளி ஓடத்தின் இருக்கையில் இருவருக்குமே இடம் இருந்தது. அவர்களுடைய உடம்பு விண்வெளிக்குப் பொருந்தாமல் போகவில்லை, ஒரு நாற்காலிக்கும் ஓர் உடைக்கும்தான் பொருந்தாமல் போனது.

பிறகு சோயுஸின் உள்ளமைப்பை மாற்றினார்கள். 2002-ல் பறக்கத் தொடங்கிய டிஎம்ஏ வகையில், 164 முதல் 182 சென்டிமீட்டர் வரை இருந்த வரம்பு 150 முதல் 190 வரை என்று விரிந்தது. ஒரு வடிவமைப்பு மாற்றத்தில் எத்தனை பேர் ஒரே நாளில் "தகுதி" பெற்றார்கள் என்று யோசியுங்கள். அவர்கள் யாரும் வளரவில்லை, குறையவும் இல்லை. சோயுஸ் இருக்கையில் ஒவ்வொருவரின் முதுகுக்கும் அச்சு எடுத்துத் தனி மெத்தை வார்க்கிறார்கள் என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் கண் விரியும். ஒரு மனிதரின் முதுகு வளைவுக்கு ஏற்ப இருக்கையைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, மற்றதும் முடியும்.

உடை விஷயமும் இப்படித்தான். 2019 மார்ச் மாதம் ஆன் மெக்லைனும் கிறிஸ்டினா கோக்கும் சேர்ந்து விண்நடை போக இருந்தார்கள். பெண்கள் மட்டுமே போகும் முதல் விண்நடை அது. இருவருக்கும் நடுத்தர அளவு மேலுடல் பகுதி பொருந்தியது, நிலையத்தில் தயார் நிலையில் இருந்ததோ ஒன்றுதான். ஆளை மாற்றினார்கள். அக்டோபர் 18 அன்றுதான் கோக்கும் ஜெசிக்கா மெயரும் அந்த நடையைப் போக முடிந்தது. சிறிய அளவு உடையை 1990-களிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். அது செலவைப் பார்த்து எடுத்த முடிவு, அதில் மருத்துவம் எதுவும் இல்லை. பணம் இல்லை என்றால் பணம் இல்லை என்று சொல்லுங்கள். அது கௌரவமான காரணம்தான். கேட்கிறவருக்கும் தன் உடம்பைப் பற்றித் தவறான எண்ணம் வராது.

கண்ணைப் பற்றி ஒன்று. நல்ல பார்வையோடு மேலே போன பலர், மாதக்கணக்கில் தங்கும்போது அருகில் இருப்பதைப் பார்க்கும் திறன் மங்கி அவதிப்படுகிறார்கள். எடையற்ற நிலையில் உடல் நீர் தலைப்பக்கம் ஏறுகிறது, கண்ணின் பின்புறம் தட்டையாகிறது, பார்வை நரம்பு வீங்குகிறது. அதற்காகவே நிலையத்துக்குக் கூடுதல் கண்ணாடிகளை எடுத்துப்போகிறார்கள். மேலே உள்ளவர்களுக்கே கண்ணாடி தேவைப்படும்போது, கீழே ஒரு பத்து வயதுப் பிள்ளையைக் கண்ணாடிக்காக ஓரமாக நிறுத்துவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

காதைப் பற்றி நீங்கள் என் மாணவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய வரலாறு ஒன்று இருக்கிறது. சொல்லியிருந்தால் அவன் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பான்! 1961-ல் சோவியத் வீரர் கெர்மன் தீத்தோவ் விண்வெளியில் குமட்டலால் அவதிப்பட்டார். அந்தச் சிக்கலுக்கு யாராலும் காரணம் சொல்ல முடியாத காலம் அது. இப்படிப்பட்ட குமட்டலைப் புரிந்துகொள்ள, அவர் பறப்பதற்கு முன்பே, 1950-களின் கடைசியிலேயே அமெரிக்கக் கடற்படையின் விமான மருத்துவப் பள்ளியும், பிறகு நாசாவும், கலாடெட் கல்லூரியைச் சேர்ந்த காது கேளாத 11 பேரின் உதவியை நாடின. அவர்களில் பத்துப் பேர் சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலால் செவித்திறனை இழந்தவர்கள். அந்த நோய் உட்காதில் சமநிலை காக்கும் உறுப்பையும் பாதித்திருந்தது. அதனால் அவர்களுக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரவே இல்லை. சுழலும் அறைக்குள் நான்கு பேர் 12 நாட்கள் தங்கினார்கள். நோவா ஸ்கோஷியா அருகே கொந்தளிக்கும் கடலில் படகில் ஏற்றிப் பரிசோதித்தபோது, ஆராய்ச்சியாளர்கள் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார்கள், இவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மனிதன் எடையற்ற நிலையைத் தாங்குவானா என்ற கேள்விக்கு விடை தேடிய பாதையில் இந்தப் 11 பேரின் பத்தாண்டு உழைப்பு இருக்கிறது.

ஆராய்ச்சிக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள், பயணத்துக்கு ஒருவரையும் அனுப்பவில்லை. அன்றைய தொழில்நுட்பத்தில் தரையோடு தொடர்பு பெரும்பாலும் பேச்சு வழியாகவே இருந்தது, அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இன்று எழுத்தாகவும் படமாகவும் செய்தி போகிறது. வெற்றிடத்தில் மிதந்துகொண்டு ஒருவரையொருவர் கைச்சைகையால் புரிந்துகொள்வது ஒரு பலமாகவும் இருக்கலாம். இதைச் சோதித்துப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் முடிவு எங்கே? நிலையத்தின் விசிறிகளும் பம்புகளும் ஓயாமல் இரைவதால் வீரர்களின் கேட்கும் திறனை அங்கேயே அடிக்கடி அளக்கிறீர்கள். அந்த இரைச்சலில், காது கேட்பவரும் கண்ணால் பார்க்கும் எச்சரிக்கையை நம்பும் நேரம் வரும்.

உங்களுக்கு மனம் இருந்தபோது வழி கிடைத்திருக்கிறது. இதயத் துடிப்புக் கோளாறால் 1962-ல் பறக்கக் கூடாது என்று நிறுத்தப்பட்ட மெர்க்குரி வீரர் டீக் ஸ்லேட்டன், 1975-ல் 51 வயதில் பறந்தார். உட்காது நோயால் ஒதுக்கப்பட்ட ஆலன் ஷெப்பர்ட் அறுவை சிகிச்சை செய்துகொண்டு 1971-ல் நிலவில் நடந்தார். இருவரும் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள், நீங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தீர்கள். வெளியே நிற்பவர்களுக்கு அந்தப் பொறுமை கிடைப்பதில்லை. 2021 செப்டம்பரில் ஹேலி ஆர்செனோ, எலும்புப் புற்றுநோயிலிருந்து மீண்டு, காலில் செயற்கை எலும்போடு, மூன்று நாள் பூமியைச் சுற்றினார். அது தனியார் பயணம். அரசு அமைப்புகளின் அன்றைய விதிப்படி அவர் வாசலிலேயே நின்றிருப்பார். கதிர்வீச்சு வரம்பையும் முன்பு வயதையும் பாலினத்தையும் வைத்துப் பிரித்திருந்தீர்கள், அதனால் பெண்களுக்குக் கிடைக்கும் நாட்கள் குறைந்தன. பிறகு நாசா அதை எல்லோருக்கும் பொதுவாக 600 மில்லிசீவர்ட் என்று மாற்றியது. ஆக, விதிகள் மாறக்கூடியவை என்று உங்களுக்கே தெரியும்.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2021-ல் செய்ததை மனதாரப் பாராட்டுகிறேன். கால் குறைபாடு உள்ளவர்களும், 130 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். 257 பேர் விண்ணப்பித்தார்கள். ஜான் மெக்ஃபால் தேர்வானார். 19 வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது காலை இழந்தவர், 2008 பாராலிம்பிக்கில் ஓடி வெண்கலம் வென்றவர், அறுவை சிகிச்சை மருத்துவர். இவரை எப்படி அனுப்புவது, எதை மாற்ற வேண்டும் என்று கேட்டு ஒரு சாத்தியக்கூறு ஆய்வு நடத்தினார்கள். 2025 பிப்ரவரியில், நிலையத்தில் நீண்ட காலம் தங்க மருத்துவத் தகுதி உண்டு என்று அறிவித்தார்கள். கேள்வியை மாற்றிக் கேட்டதும் பதிலும் மாறியது. இந்த மனிதர் பொருந்துவாரா என்று கேட்காமல், இவருக்குக் கலத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் ஏன் இன்னும் அப்படிக் கேட்கவில்லை?

ஆள் நிறையக் கிடைக்கிறார்கள், எதற்கு இந்தச் சிரமம் என்று நீங்கள் நினைக்கலாம். 2017-ல் நாசா தேர்ந்தெடுத்தது 12 பேர், விண்ணப்பித்தவர்கள் 18,300-க்கும் மேல். ஐரோப்பியத் தேர்வில் 22,500-க்கும் மேற்பட்டவர்களில் 17 பேர். இத்தனை பேரைச் சலிக்க ஏதோ ஒரு சல்லடை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சல்லடை என்றால் சல்லடை என்றே சொல்லுங்கள். கூட்டத்தைக் குறைக்க வைத்த விதியை உடல் தகுதி விதியாக வெளியிடும்போது, விண்ணப்பிக்கவே போகாத லட்சக்கணக்கானவர்களும் அதை நம்பிவிடுகிறார்கள். பத்து வயதில் நம்பினால், பதினெட்டு வயதில் என்ன படிப்பது என்பதையே அது மாற்றிவிடுகிறது. நான் இதை வகுப்பறையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இயற்பியலை விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் விண்வெளிக்குப் போயிருக்க மாட்டார்கள்தான், ஆனால் ராக்கெட் எஞ்சின் செய்திருப்பார்கள், கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பார்கள்.

மிகக் கவனமாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் மேலே எதிர்பாராதது நடக்கத்தான் செய்கிறது. நிலையத்தில் இருந்த ஒரு வீரருக்குக் கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததையும், தரையிலிருந்து மருத்துவர்கள் மருந்தளவு சொல்லி மாதக்கணக்கில் சமாளித்ததையும் 2020-ல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வீரரின் பெயர் வெளியிடப்படவில்லை, தகவல் மட்டும் வந்தது. தனிமனித ரகசியத்தைக் காத்துக்கொண்டே காரணங்களைச் சொல்லலாம் என்பதற்கு அதுவே போதும். யாருடைய மருத்துவ அறிக்கையையும் நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இவை. உங்கள் ஒவ்வொரு தகுதி விதிக்குப் பக்கத்திலும் அதன் காரணத்தைச் சாதாரண மொழியில் எழுதுங்கள். அது உடலின் எல்லையா, கருவியின் எல்லையா, செலவின் எல்லையா, ஆள் குறைக்க வைத்ததா என்று தெளிவாகக் குறியுங்கள். கருவியின் எல்லை என்றால், எந்த இருக்கை, எந்த உடை, அடுத்த வடிவமைப்பில் அது மாறுமா என்பதையும் சேருங்கள். பொறியாளர்களே, இதில் மருத்துவர்களை மட்டும் முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் ஒதுங்கக் கூடாது. பாதி விதிகள் உங்கள் வரைபடத்திலிருந்து வந்தவை.

ஒவ்வொரு விதியும் கடைசியாக எப்போது மறுபரிசீலனை செய்யப்பட்டது என்ற ஆண்டையும் போடுங்கள். புதிய கலமோ புதிய உடையோ வரும்போதெல்லாம் பழைய வரம்புகளை மறுபடி அளந்து பாருங்கள். விதி மாறினால் உங்கள் பெயரில் நடக்கும் கண்காட்சிகளுக்கும் பாடப்புத்தகம் எழுதுகிறவர்களுக்கும் அதை எழுத்தில் அனுப்புங்கள், பழைய பலகைகளை எடுக்கச் சொல்லுங்கள்.

காது கேளாதவர்களையும், குறைந்த பார்வை உள்ளவர்களையும், கை கால் குறைபாடு உள்ளவர்களையும் வைத்து மெக்ஃபாலுக்குச் செய்தது போன்ற ஆய்வைத் தொடங்குங்கள். முதலில் எடையற்ற நிலையைத் தரும் பரவளைய விமானப் பயணங்களில், பிறகு பயிற்சிக் கலங்களில், படிப்படியாகச் செய்யுங்கள். முடியாது என்று தெரிந்தால் அந்த முடிவையும் தரவுகளோடு வெளியிடுங்கள்.

மருத்துவக் கட்டத்தில் நிராகரிக்கப்படும் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் எந்த விதியால், எந்தக் காரணத்தால் என்று எழுத்தில் தெரிவியுங்கள். சிறுவர்கள் எழுதும் கடிதங்களுக்கு, ஒரு மருத்துவரும் ஒரு பொறியாளரும் சேர்ந்து பதில் எழுதும் ஏற்பாடு செய்யுங்கள். இவை எல்லாவற்றையும் உங்கள் அடுத்த ஆள்சேர்ப்பு அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே செய்து முடியுங்கள், விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் காரணங்களைப் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்